மூக்கு சொன்ன சாட்சி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கு என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மூக்கு. அது அவளுக்கும் தெரியும். கோபம் கிடையாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம். இருபத்திரண்டு வருஷமாக அவள் அங்கே குடுவை கழுவுகிறாள், பாக்டீரியாவுக்குத் தீனிக் குழம்பு காய்ச்சுகிறாள், பிரஷர் குக்கரின் பெரியப்பா மாதிரி மூலையில் நிற்கும் ஆட்டோகிளேவில் அதை வேகவைத்து இறக்குகிறாள், உறைபெட்டியில் எந்தக் குப்பி எந்த நாளில் வந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறாள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூக்குதான் அவளுடையது.

குலுக்கு இயந்திரத்திலிருந்து குடுவையை எடுத்து, பஞ்சடைப்பைத் துளி விலக்கி, கையால் காற்றைத் தன் பக்கம் தள்ளுவாள். அவ்வளவுதான். "இது நம்மது இல்ல, வேற எதுவோ உள்ள பூந்திருக்கு" என்பாள். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், அழைக்காத விருந்தாளி ஒன்று உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பாக்டீரியாவை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவளும் அவள்தான். ஆனாலும் பேராசிரியை முதற்கொண்டு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் குடுவை அவள் முகத்துக்கு நேரேதான் வரும்.

இத்தனை மதிப்பு இருந்தும் அவள் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை போய்த் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பாள். லிஃப்டில் ஏறவே மாட்டாள். இத்தனைக்கும் அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "நான் ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல என் தங்கச்சியே ஏற மாட்டேங்கறா, வேற எவன் ஏறுவான்" என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வாசலோடு போய்விட்டதால், அவளுக்குக் குடும்பம் என்று இருந்தது அண்ணியும் அண்ணன் மகளும்தான். அந்த அண்ணிதான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், தொலைபேசியில் அழைத்தாள். மகளுக்கு ஒரு கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேர்வதற்கு முன்னால் உடம்பைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் கல்லீரல் கணக்கெல்லாம் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாராம். இருபத்துநான்கு வயதுப் பெண்ணிடம், பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நான்கு நாளாக மகளோடு பேசவில்லை என்றாள் அண்ணி. அறிக்கையைத் துணி அலமாரிக்குள், பழைய போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாளாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், போகவில்லை. போனால் அங்கேயும் அதே கேள்வி, அதே பார்வை. அதற்கு முன்னால் தனக்கு உண்மை தெரிய வேண்டும் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நீ வா. வந்து அவள ஒரு தடவ மோந்து பாரு. உன் மூக்கு பொய் சொல்லாது."

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனின் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்கள். தொட்டதே இல்லை என்றான். கேட்டவர்கள் எழுதிக்கொள்ளாமல் சிரித்தார்கள். அண்ணியின் முகத்திலும் சந்தேகம் வந்தது. கட்டடம் கட்டடமாகச் சுற்றும் வேலை, எங்கே போகிறான் யாரோடு உட்காருகிறான் என்று யார் கண்டார்கள்? பெண்டாட்டி, பிள்ளை மேல் சத்தியம் செய்தான். கடைசியில் தங்கையைக் கூப்பிட்டான். "நீ மோந்து சொல்லு. நீ சொன்னா இவ நம்புவா." அவன் தானாகவே வாயைத் திறந்து காட்டினான்.

அவள் குனிந்தாள். தித்திப்பாக, பழம் அழுகிப் புளித்த மாதிரி ஒரு வாடை, தொண்டைவரை இறங்கியது. புளித்தது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தினமும் அதில்தானே பிழைப்பு. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் சத்தியம் செய்வதை விட்டுவிட்டான். ஏழு வாரம் இருந்தான். அந்த ஏழு வாரமும் அண்ணி அவனுக்குத் தட்டை வைத்தாள், மருந்தைக் கொடுத்தாள், துணியை மாற்றினாள். பேச்சு மட்டும் இல்லை.

ஞாயிறு வருவதற்குள் வியாழன் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்த மாதங்களில் நடந்துகொண்டிருந்தது, மனிதக் கல்லீரல் செய்கிற ஒரு புரதத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்யவைக்கும் வேலை. அந்தப் புரதத்தைக் கல்லீரல் செய்து ரத்தத்தில் அனுப்பிவைக்கும். நுரையீரலைக் காவல் காப்பது அதன் வேலை. கல்லீரல் துணுக்கு ஒன்றிலிருந்து அதன் செய்முறையை நகலெடுத்து, வளையம் மாதிரி இருக்கும் சின்ன டிஎன்ஏவுக்குள் செருகி, பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிட்டால் போதும். இது யார் வீட்டுச் செய்முறை என்றெல்லாம் பாக்டீரியா கேட்காது. கொடுத்ததைச் செய்து தள்ளும்.

இந்த வேலையைச் செய்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவாள், ஓட வேண்டிய இடத்தில் பறப்பாள். அதனால் அவளுக்கு அவசரம் என்று பெயர். அவசரம் மூன்று முறை தனித்தனியாக எடுத்த நகல்களிலிருந்து தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளிகளில் எட்டைப் பல்குச்சியால் தொட்டு எட்டுக் குடுவையில் விட்டாள். வளர்ந்ததும் சர்க்கரை மாதிரி ஒரு பொருளை ஊற்றி, புரதத்தைச் செய்யுங்கள் என்று கட்டளை கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, செல்களை உடைத்துச் சுழற்றிப் பார்த்தாள். நான்கு குழாய்களில் புரதம் மேலே தெளிந்த நீரில் இருந்தது. மற்ற நான்கில் மேலே ஒன்றுமில்லை. எல்லாம் கட்டிப்பட்டு அடியில் வெள்ளைக் களிம்பாக உட்கார்ந்திருந்தது. டிஎன்ஏவில் இருந்த செய்முறையை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்ல வெளியே அனுப்பினார்கள். வியாழன் காலை பதில் வந்தது. புரதம் என்பது மணிமாலை மாதிரி. கெட்ட நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு மணி மாறியிருந்தது.

நகலெடுத்த இயந்திரத்தின் தப்பு என்றாள் அவசரம். பேராசிரியை மேசையில் சாய்ந்து நின்று தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இயந்திரத் தப்புன்னா ஒண்ணுல ஒரு இடத்துல, இன்னொண்ணுல வேற இடத்துல வரும். மூணு நகல்லயும் அதே மணி எப்படி மாறும்? சரியா பாதி வேற. இது குடுத்த ஆளோட உடம்புல இருக்கறது. அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து நல்லது வந்திருக்கு, இன்னொருத்தர்கிட்ட இருந்து இது."

இந்த மாற்றம் புத்தகங்களில் இருப்பதுதான் என்று அவர் தொடர்ந்தார். ஒன்று நல்லதாக இருந்தால் ஆள் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். இரண்டுமே கெட்டதாக இருந்தால், புரதம் வெளியே போகாமல் கல்லீரலுக்குள்ளேயே, இதோ இந்தக் குழாயில் நடந்த மாதிரியே, கட்டிப்போகும். சிலருக்கு ஈரலே போய்விடும். "பாவம், ஒரு சொட்டு தொடாதவங்களையும் குடிகாரப் பட்டம் கட்டி அனுப்பி வச்சிருக்காங்க" என்றார். துணுக்கு யாருடையது என்று அவசரம் கேட்டாள். பதினேழாம் எண், அவ்வளவுதான் தெரியும், தெரியவும் கூடாது என்றார் பேராசிரியை. நமக்கு நல்ல நான்கு போதும், கெட்டதை அக்காவிடம் கொடுத்து அழித்துவிடு என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மூக்கின் கை துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. பதினேழாம் எண் யார் என்று அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும்.

போன வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்கு முன்னால் ஒரு நர்ஸ் தாளை நீட்டி, ஆராய்ச்சிக்காக நல்ல கல்லீரலில் கடுகளவு எடுத்துக்கொள்ளலாமா, பெயர் வெளியே போகாது என்றாள். கையெழுத்துப் போட்டாள். விடுப்பு முடிந்து வந்து பதிவேட்டைத் திறந்தால், அவள் வயிற்றைக் கீறிய அதே நாளில், அவள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குப்பி வந்திருந்தது. பதினேழு. அந்த மாதம் முழுவதற்கும் அது ஒன்றுதான். தன் ஈரலுக்குத் தானே காவல் என்று அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உறைபெட்டி அறைக்குப் போய்ப் பதிவேட்டை மறுபடி திறந்தாள். தேதி தப்பாக இருக்கக் கூடாதா என்று பார்த்தாள். பூட்டை இழுத்துப் பார்ப்பதைப்போல மூன்று முறை பார்த்தாள். தப்பாக இல்லை.

கெட்ட நான்கு குடுவைகளையும் அவசரம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். ஆட்டோகிளேவின் மூடி திறந்து கிடந்தது. மூக்கு நல்ல குடுவை ஒன்றை எடுத்துப் பஞ்சை விலக்கினாள், பிறகு கெட்டது ஒன்றை. மறுபடி நல்லது, மறுபடி கெட்டது. எட்டையும் மோந்தாள். எட்டும் ஒரே வாசனை. உள்ளே நான்கு செத்த புரதத்தைக் கட்டிகட்டியாகச் சுமந்துகொண்டிருந்தன. அவள் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கு ஒன்று கெட்டது என்றால் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கிறது. இருவரிடமும் இருந்திருந்தால்? அண்ணனுக்கு இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தால்? அவன் வாயைத் திறந்து காட்டியது கண்முன் வந்தது. அந்தப் பற்கள், மஞ்சள் பூத்த நாக்கு, தங்கை காப்பாற்றிவிடுவாள் என்ற அந்த நம்பிக்கை. இதைச் சொன்னால் அண்ணி தன்னை என்ன செய்வாள் என்று பயம். சொல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று அதைவிடப் பயம். இரண்டு பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

வெள்ளிக்கிழமை பேராசிரியையின் அறைக்கு நான்கு முறை போய் மூன்று முறை திரும்பினாள். நான்காவது முறை அவரே, என்ன, உள்ளே வாருங்கள் என்றார். அவள் நின்றபடியே, சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி கேட்டாள்.

"மேடம், ஈரல் கெட்டுப்போனவங்க மூச்சு எப்படி இருக்கும்?"

"ரொம்ப முத்திப்போனா ஒரு மாதிரி தித்திப்பா இருக்கும். அழுகின பழம் மாதிரின்னு சொல்வாங்க. தெரியாதவங்க சாராயம்னு நெனச்சுக்குவாங்க. ஏன் கேக்கறீங்க?"

பதினேழு நான்தான் என்றாள். பிறகு அண்ணனையும் அண்ணன் மகளையும் பற்றிச் சொன்னாள். தன் மூக்கைப் பற்றி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பேராசிரியை எழுந்து கதவைச் சாத்தினார். துணுக்கு யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை, அதனால் அதை நீங்கள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை என்றார். அண்ணனுக்கு இரண்டும் கெட்டதாக இருந்திருந்தால் மகளிடம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும், அண்ணி பக்கமும் இருந்தால் இரண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கண்டுபிடித்துவிடலாம்; ஆனால் சும்மா நாளைக் கடத்தக் கூடாது. ஈரல் மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். உறையில் போட்டு ஒட்டவில்லை. நீங்களே படித்துப் பாருங்கள், பயப்படாமல் போவீர்கள் என்றார். அவள் படித்துப் பார்த்து இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, வழக்கம்போலப் படியேறினாள். அண்ணி கதவைத் திறந்த கையோடு உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று நேற்றிலிருந்தே சாத்தி வைத்திருக்கிறாளாம். மின்விசிறியும் ஓடவில்லை. அண்ணன் மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது அவளுடைய வீங்கிய கணுக்காலில் கொலுசு பதிந்திருந்த பள்ளம் தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று அத்தை கேட்டாள். இரண்டு மாதம் இருக்கும் என்றாள் பெண். இதுவரை பார்த்த கடை வேலையில் நாள் முழுக்க நின்றே இருந்தோமே, அதனால் என்று நினைத்தாளாம்.

"கதையெல்லாம் அப்புறம்" என்றாள் அண்ணி. "மோந்து பாரு."

பெண் தலையைத் தூக்கினாள். அப்பனைப்போலவே தானாக வாயைத் திறந்தாள். அழவில்லை. மருந்து விழுங்கப்போகிற குழந்தை மாதிரிக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அத்தைக்கு அந்த அறையைவிட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. படியிறங்கி, தெருவுக்குப் போய், வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கை தானாகத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"அண்ணி, அன்னைக்கு நான் மோந்தது சாராயம் இல்ல."

அண்ணிக்குப் புரியவில்லை. என்றைக்கு என்று கேட்டாள். அவள் சொன்னாள். பாக்டீரியா, புரதம், பதினேழாம் எண் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். ஈரல் அழுகினால் வரும் வாடை என்று சொன்னாள். அண்ணன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிருக்க வேண்டியதில்லை, இது பிறக்கும்போதே உடம்பில் வந்தது, தன் உடம்பிலும் பாதி இருக்கிறது, இவளிடமும் இருக்கலாம் என்று சொன்னாள். கடிதத்தை நீட்டினாள். அண்ணி அதை வாங்கவில்லை.

அண்ணி கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி கட்டில் முனையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள் காலைல தண்ணி கேட்டாரு" என்றாள் அண்ணி. "குடுத்தேன். 'நம்பறேன்னு ஒரு வார்த்த சொல்லு'ன்னாரு. டம்ளர வாங்கிட்டு வந்துட்டேன்."

பெண் கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதின்மூன்று வயதிலிருந்து குடிகாரன் மகள் என்று கேட்டு வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டால் விபத்து என்று சொல்லக் கற்றுக்கொண்டவள். அத்தை, அப்பா குடிக்கலையா என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்றாள் அத்தை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. அண்ணி எழுந்தாள். அலமாரியைத் திறந்து, போர்வைக்கு அடியிலிருந்த அறிக்கையை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஈரல் பிரிவு ஆறாவது மாடியில். பெண்ணால் படியேற முடியாது என்பதால் அத்தையும் லிஃப்டில் ஏறினாள். மேலே போய்ச் சேரும்வரை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. வரிசையாகப் போட்ட நாற்காலிகள். சுவரில் கடிகாரம். பக்கத்தில் வயிறு வீங்கிய ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அத்தை அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு பார்க்க முடியவில்லை.

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பெயர், வயது, பழைய நோய்கள். அண்ணி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டாம் பக்கத்தில் குடும்பம் பற்றிக் கேட்டிருந்தது. தந்தை: உயிரோடு இருக்கிறாரா? இல்லை என்றால் காரணம் என்ன? குடிப்பழக்கம் இருந்ததா? அண்ணியின் கை நின்றது. பள்ளிக்கூடம், வேலை, காப்பீடு என்று இந்தக் கேள்விக்கு எத்தனையோ படிவங்களில் எழுதியவள் அவள். பேனா தாளின்மேல் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலேயே அழுந்தி நின்றது. பிறகு படிவத்தையும் பேனாவையும் சேர்த்து நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"நீயே எழுது. அன்னைக்குச் சொன்னதும் நீதான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மூக்கு பேனாவை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் கல்லீரல் நோய் என்று எழுதினாள். குடிப்பழக்கம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். எழுதிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கிறவளைப்போல அதை மூன்று முறை படித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பெண் எழுந்து, செருப்பைச் சரிசெய்துகொண்டு, ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று வெளியே எழுதி ஒட்டியிருந்தது. பெண் எழுந்துபோன நாற்காலி இருவருக்கும் நடுவில் காலியாக இருந்தது. அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு அதில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.